கடற்பயணத்தில் சத்தி வராமல் காத்துக்கொள்ளுதல்

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் 2023 ஒக்ரோபரில் ஓடத் தொடங்கியபோதும், கடல் ஒத்துக்கொள்ளாது என்ற பயத்தினாலேயே பயணத்தைத் தள்ளிப்போடுவோர் எம்மிடையே பலர் இருக்கின்றனர். ஏறத்தாழ 4 மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆயத்தம் கரையிலேயே தொடங்க வேண்டும்.

உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு கப்பலின் ஆட்டத்தை உணர்ந்துகொண்டிருக்கையில், உள்ளே இருப்பவரின் கண்ணோ சுவரும் கதிரையும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றாகவும் சத்தியாகவும் வெளிப்படுகிறது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது இருக்கை. தராசுத் தட்டுகள் ஏறி இறங்கினாலும் நடுப்பகுதி அதிகம் அசையாதது போல, கப்பலிலும் அணியத்தையும் பின்புறத்தையும் விட நடுப்பகுதியே குறைவாக ஆடும். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் மேல்தளத்தை விடக் கீழ்த்தளம் நல்லது. அடுத்தது பார்வை; வெளியே தொலைவைப் பார்க்க முடிய வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போனபோது, கீழே டீசல் மணத்துக்குள் குனிந்திருந்த என் அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டியது. மேலே அழைத்துவந்து, தொலைவில் கோடாகத் தெரிந்த பனைகளையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் முகம் தெளிந்தது. கைப்பேசியும் புத்தகமும் பையினுள்ளேயே இருக்கட்டும்.

வெறும் வயிற்றோடு ஏறுவதும் தவறு, கொத்துரொட்டியோடு ஏறுவதும் தவறு. இரண்டு மணி நேரம் முன்னதாக இடியப்பமோ பாணோ அளவாக உண்பது போதும். இஞ்சித் தேநீர் சிலருக்கு உதவுகிறது. மதுவை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

மருந்து எடுப்போர் பெரும்பாலும் பிழைவிடுவது நேரத்திலேயே. டைமென்ஹைட்ரினேற் போன்ற குளிசையைக் கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கினாலே பயன் உண்டு. சத்தி தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது. நித்திரையைத் தருமாதலால் இறங்கியவுடன் வாகனம் ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், கண் அழுத்த நோயாளர் ஆகியோருக்கு வைத்தியரைக் கேளாமல் கொடுக்கவே வேண்டாம்.

நாளைத் தெரிவுசெய்ய முடியுமானால், சோளகமும் வாடையும் பலத்து வீசும் மாதங்களை விட்டு, கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரையில் போவது நல்லது. எல்லாவற்றையும் மீறிச் சத்தி வந்துவிட்டால், தலையை ஆட்டாமல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவும்.