மனை பார்க்க மழையில் வாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் கோத்தகிரிக்கு மனை பார்க்க வருகிறவர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருபது வருடம் உழைத்துவிட்டு, இனிக் குளிரில் ஒரு வீடு என்று முடிவெடுத்து வந்திருப்பார்கள். புது ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். தரகர் கை நீட்டிய திசையில் மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கால் நிற்கிற மண்ணை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

நான் இங்கே இருபத்தைந்து வருடமாகத் தடுப்புச் சுவர் கட்டிப் பிழைக்கிறவன். அப்பா, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நுவரெலியாவிலிருந்து அனுப்பப்பட்டு, தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எனவே புதிதாக வந்து முழிக்கிறவர்களிடம் எனக்கு இளக்காரம் கிடையாது. எங்கள் வீட்டிலும் ஒரு தலைமுறை அப்படி முழித்திருக்கிறது.

நீலகிரிக்கு மழை இரண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கணக்குத் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எனவே கூடலூரில் வாங்குவதென்றால் ஆடியில் ஒருமுறை, கோத்தகிரியில் வாங்குவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை வந்து அந்த மனையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவர் என்னை ஒரு மனைக்கு அழைத்துப் போனார். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பன்னிரண்டு சென்ட். சித்திரை வெயிலில் காய்ந்து, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இங்கே தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டேன். "கிணறு வெட்டத் தேவையில்லை தம்பி, ஐப்பசி பிறந்தால் அதுவே வீட்டுக்குள் வரும்" என்றார். தரகர் சிரித்து மழுப்பினார். நவம்பரில் இருவரும் மறுபடி போனோம். தேயிலைச் செடிகளின் அடியில் மூன்று இடத்தில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டில் தெளிந்த நீர். மூன்றாவதில் சேறு கலந்து காப்பி நிறத்தில் வந்தது. தெளிந்த ஊற்றுக்கு வடிகால் போட்டு வழி செய்துவிடலாம். கலங்கி வருகிற தண்ணீர், உள்ளேயிருந்து மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது. அவர் அந்த மனையை வாங்கவில்லை.

மழையில் வரவே முடியாது என்கிறவர்கள் மரங்களைப் பாருங்கள். சில்வர் ஓக், கற்பூர மரம், சீகை எதுவானாலும், அடிமரம் பள்ளத்தின் பக்கம் வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்திருந்தால், மண் பல வருடமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மரம் மட்டும் அப்படியென்றால் பொருட்படுத்த வேண்டாம். வரிசையாக நின்றால் வண்டியைத் திருப்புங்கள். வேலிக் கல் சாய்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சுவரில் படிக்கட்டு போல விரிசல் ஓடுகிறதா, கோடையிலும் ஒரு பட்டையில் மட்டும் புல் பச்சையாக, பெரணியும் வெள்ளை லில்லியும் மண்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பச்சைப் பட்டைதான் பழைய ஓடை. ஓடையை மூடி மனையாக்குவது இங்கே ஒரு தொழில்.

பிறகு குழி. மண்ணைப் பார்க்க ஆள் உயரக் குழி ஒன்று மட்டும் போதாது. மேல் மூலையில் ஒன்று, கீழ் மூலையில் ஒன்று தோண்டச் சொல்லுங்கள். மேலே செம்மண் வரும். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக, நனைந்தால் சோப்பு போல வழுக்குகிற களிமண் வந்தால் கவனம் தேவை. மேல் மண் குடித்த தண்ணீர் அந்தக் களியின் மேல்தான் தேங்கிச் சறுக்கும். இன்னொரு ஏமாற்று, பாறை. கடப்பாரை 'ணங்' என்றதும் "பாறை வந்துவிட்டது, பத்து மாடி கட்டலாம்" என்பார்கள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட் என்கிற கடினமான பாறை. அது மட்கும்போது நடுவில் மட்காத உருண்டைகள் மண்ணுக்குள் மிதந்து நிற்கும். நீங்கள் தட்டியது மலையா, மண்ணில் புதைந்த ஒற்றை உருண்டையா என்பது இன்னும் நான்கு இடத்தில் தோண்டினால்தான் தெரியும். பத்து மாடிக்கும் இங்கே வழியில்லை. மலைவாசஸ்தலக் கட்டட விதிகளின்படி நீலகிரியில் 7 மீட்டர்தான் உயரம்.

ஏற்கெனவே சமப்படுத்தி வைத்த மனை என்றால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். சரிவை மேல் பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ் பக்கம் தள்ளித்தான் சமதளம் உண்டாகிறது. எது வெட்டிய பாதி, எது கொட்டிய பாதி என்று தெரியாமல் கடைக்கால் போட்டால், வீட்டின் ஒரு பாதி நிற்கும், மறு பாதி இறங்கும். தொழில் தொடங்கிய புதிதில் கொட்டிய மண்ணுக்கு நானே ஆறடிச் சுவர் எழுப்பினேன். தண்ணீர் வடிய ஓட்டை விட்டால் சுவர் அசிங்கமாக இருக்கும் என்றார் வீட்டுக்காரர், நானும் தலையாட்டிவிட்டேன். முதல் மழையில் சுவர் கர்ப்பிணி வயிறு போல உப்பியது, இரண்டாவது மழையில் ரோட்டில் கிடந்தது. சுவரைத் தள்ளியது மண்கூட இல்லை, மண் குடித்த தண்ணீர். அதைத் திரும்பக் கட்டிய செலவு என்னுடையது. அன்றிலிருந்து ஓட்டை இல்லாத சுவரை நான் கட்டுவதில்லை.

காகிதத்துக்கு வருவோம். பட்டா, புல வரைபடம், அ பதிவேடு என்கிற கிராம நிலக் கணக்கு, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் சமவெளிக்கும் உள்ளவைதான். மலைக்கென்று தனியாகச் சில உண்டு. ஹாக்கா என்று இங்கே எல்லாரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் வந்தது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு போட வனம், புவியியல், வேளாண் பொறியியல் என்று துறை துறையாகக் கருத்துக் கேட்க வேண்டும். "பக்கத்தில் எல்லாரும் கட்டியிருக்கிறார்களே" என்பது அனுமதி ஆகாது. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொக்லைன் இறக்குவதற்கும் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் முன்னால் மாவட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் என்றால் ஜமீன் போன்ற பழைய உரிமையில் இருந்த ஜன்ம நிலமா, அந்த உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், அதாவது குத்தகைத் தோட்ட நிலத் தகராறில், சிக்கியதா என்று விசாரிக்காமல் டீ கூடக் குடிக்காதீர்கள். மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தட அறிவிக்கை 2010-ல் வந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டிலேயே குடியிருந்துகொண்டு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: அந்நியச் செலாவணி விதிகளின்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. தேயிலைச் செடி நிற்கிற பத்து சென்ட்டும் இதற்குள் வரலாம். "மச்சான் பெயரில் வாங்கிவிடலாம்" என்கிற யோசனைக்கு நான் பொறுப்பில்லை.

பாதையை எல்லாரும் மறக்கிறார்கள். எஸ்டேட் வழியாக ஜீப் போகிறது என்பதற்காக அது உங்கள் பாதை ஆகிவிடாது. நாளை கேட்டைப் பூட்டினால் செங்கல்லைத் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். வண்டிப் பாதை புல வரைபடத்திலும் பத்திரத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழிக்கு எங்கே இடம் என்றும் அப்போதே பாருங்கள். வீட்டுக்கு மேலே குழி தோண்டினால் கடைக்கால் நனையும், கீழே தோண்டினால் அடுத்தவர் கிணறு கெடும். பள்ளத்தின் அடியில் உள்ள மனையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி படுக்கும். காலையில் வெயில் எத்தனை மணிக்கு எட்டுகிறது என்று கேளுங்கள். காட்டெருமை வரும். அதை யாரும் மறைக்க மாட்டார்கள், பெருமையாகவே சொல்வார்கள்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது என்றால், முன்பணத்தைச் சிறிதாகக் கொடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த வருட மழை முடிந்து மனையை மறுபடி பார்த்த பிறகே மீதிப் பணம், கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். தரகர் முகம் சுளிப்பார், வேறு ஆள் ரொக்கத்தோடு காத்திருக்கிறார் என்பார். அந்த வேறு ஆள் வாங்கிக்கொள்ளட்டும்.