தீம் பார்க்கை மீண்டும் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா பரவலால் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் 2020 மார்ச் 14 அன்று மூடப்பட்டு, 2021 ஏப்ரல் 30 அன்றுதான் மீண்டும் திறந்தது. அந்தக் கோடையில் ஒஹையோவின் சீடர் பாயின்ட் பூங்காவுக்கு வரக் கூட்டம் தயாராக இருந்தது, வேலைக்குத்தான் ஆள் இல்லை. சீசன் ஊழியர் சம்பளத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்திய பூங்கா நிர்வாகம், ஜூன் மாதத்தில் சில செவ்வாய், புதன்கிழமைகளில் பூங்காவையே மூடியது. வாரத்தில் இரண்டு நாள் வருமானம் போவது சின்ன விஷயமல்ல. ஆனாலும் அது சரியான முடிவு. திறக்கும் தேதியை முதலில் அறிவித்துவிட்டு அதற்கு ஆள் தேடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

ஆள் கணக்கில் வழுக்கும் இடம்

ஒரு ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்வோம். கன்ட்ரோல் பேனலில் ஒருவர், பிளாட்ஃபாரத்தின் இரு பக்கமும் பெல்ட்டையும் தோள் தடுப்பையும் இழுத்துப் பார்க்க இருவர், உயரம் அளந்து வரிசையைப் பிரித்துவிட ஒருவர், இறங்குபவர்களை வெளியே அனுப்ப ஒருவர் என ஐந்து இடங்கள். பூங்கா நாளுக்கு 11 மணி நேரம், வாரம் ஏழு நாளும் நடந்தால் 385 ஆள்-மணி. இடைவேளைக்கு மாற்றாள் விட 10 சதவீதம் கூட்டினால் சுமார் 424. ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் உழைப்பார் என்றால் கிட்டத்தட்ட 11 பேர். காய்ச்சல், திடீர் விடுப்பு, பாதியில் வேலையை விடுவது ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 12 பேர். ஐந்து இடத்துக்கு ஐந்து பேர் போதும் என்று எண்ணி 15 ரைடுகளைத் திறப்பவர் 180 பேர் தேவைப்படும் வேலையை 75 பேரிடம் ஒப்படைக்கிறார்.

விளைவு முதலில் வரிசையில் தெரியும். 28 இருக்கை கொண்ட ரயில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பினால் மணிக்கு 840 பேர் ஏறலாம். பிளாட்ஃபாரத்தில் ஒருவர் குறைந்து மூன்று நிமிடமானால் 560 பேர்தான். தொற்றுக்குப் பயந்து ரயிலில் ஓர் இருக்கை வரிசை விட்டு அடுத்ததில் உட்காரவைத்தால் அதுவும் பாதியாகி 280. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான ஆபத்து: வரிசை நீண்டுவிட்டதே என்ற பதற்றத்தில் பெல்ட் சோதனை அவசர அவசரமாக நடக்கும். ஆள் குறைந்த நாளில் ஒரு ரைடை முழுதாக மூடி, அங்கிருக்கும் ஊழியர்களை அடுத்த ரைடுக்கு அனுப்புங்கள். எல்லா ரைடையும் அரைகுறை ஆட்களோடு ஓட்டாதீர்கள். இரண்டு ரயில் ஓடும் கோஸ்டரில் ஒன்றை நிறுத்திவைப்பதும் நல்ல வழி.

இன்னொரு தவறு, ஒருவருக்கே ஆறேழு ரைடுகளைக் கற்றுக்கொடுத்து எங்கே ஓட்டையோ அங்கே நிறுத்துவது. பேனல்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தடுப்பைத் திறக்கும் பட்டனும் அவசர நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் இயக்கும் முறையும் ரைடுக்கு ரைடு மாறும். தொடக்க வாரங்களில் ஒருவருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். பழைய ஊழியர் திரும்பி வந்தாலும் எழுத்துத் தேர்வு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க நேரடி ஓட்டம், பயணிகளை நடுவழியில் இறக்கும் ஒத்திகை எல்லாவற்றையும் புதிதாக நடத்த வேண்டும். ஓராண்டுக்கு மேல் தொடாத கை பழக்கத்தை மறந்திருக்கும். மனம் மட்டும் எல்லாம் தெரியும் என்று நம்பும்.

வீட்டுக்கு அனுப்பியவர்கள் காத்திருப்பார்கள் என்று நினைப்பது

2020 செப்டம்பரில் டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காப் பிரிவில் சுமார் 28,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அப்படிப் போனவர்கள் கிடங்கு, டெலிவரி என்று வேறு வேலைகளில் அமர்ந்துவிடுவார்கள். கோடையில் வேலைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஜே-1 விசாவை அமெரிக்க அரசு 2020 ஜூனில் நிறுத்தியது. 2021 மார்ச் 31 அன்று தடை முடிந்தாலும் தூதரகங்களில் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. ஒரே வாசலை நம்பியிருந்த பூங்காக்கள்தான் அதிகம் தவித்தன. உள்ளூர்க் கல்லூரிகள், ஓய்வுபெற்றவர்கள், வார இறுதிக்கு மட்டும் வரக்கூடியவர்கள் என்று பல வாசல்களை, பூங்காவைத் திறக்கும் முன்பே தட்டிவைக்க வேண்டும்.

சம்பளம் உயர்த்தும்போது புதியவருக்கு மட்டும் உயர்த்துவது பெரும் பிழை. மூன்று சீசன் அனுபவமுள்ளவர் நேற்று சேர்ந்தவரைவிடக் குறைவாக வாங்கினால் அவர் போய்விடுவார், அவரோடு பயிற்சி கொடுக்கும் ஆளும் போய்விடுவார்.

வயது விதியைப் பார்க்காமல் பள்ளி மாணவர்களைச் சேர்ப்பதும் நடக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி 15 வயதுப் பிள்ளை பயிற்சிச் சான்றிதழோடு நீர்ப்பூங்காவில் லைஃப்கார்டாக நிற்கலாம். ஆனால் உயரமான சறுக்கின் உச்சியில் நின்று ஆட்களை அனுப்ப 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அட்டவணை போடுபவருக்கு இது தெரியாவிட்டால், ஒருவர் விடுப்பு எடுத்த அன்றே விதி மீறப்படும்.

தூங்கிய இயந்திரம்

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற ரயிலின் பாலியூரித்தேன் சக்கரங்கள் பாரம் தாங்கிய பக்கம் தட்டையாகிவிடும். ஹைட்ராலிக் சீல் காய்ந்து கசியும், கிரீஸ் இறுகும், எலி வயரைக் கடித்திருக்கும், ரைடை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் பேட்டரி தீர்ந்து புரோகிராம் அழிந்திருக்கும். முதலில் வெல்டிங் இணைப்புகளையும் முக்கியமான பின்களையும் விரிசல் சோதனைக்கு உட்படுத்துங்கள். பிறகு காலி ஓட்டம். அதன்பின் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளோ மணல் மூட்டையோ ஏற்றிய ஓட்டம். அவசர நிறுத்தத்தைப் பாரத்தோடும் சோதிக்க வேண்டும். ஊழியர்களை உட்காரவைத்து முதல் பார ஓட்டம் விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. 2016 மே மாதம் சென்னை அருகே ஒரு பூங்காவில் அப்படி நடந்த சோதனை ஓட்டத்தில் ரைடு உடைந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

மெக்கானிக் பற்றாக்குறையில் வரும் ஆபத்து வெளியே தெரியாது. வேலை செய்தவரே சரிபார்த்ததாகவும் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது கையெழுத்து இன்னொருவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் அன்று அந்த ரைடு ஓடக்கூடாது.

கிருமிநாசினியிலும் கவனம் தேவை. குளோரின் கலந்த கடுமையான திரவத்தை நைலான் பெல்ட்டில் நாளுக்குப் பலமுறை தெளித்தால் இழை நலிந்துபோகும், சென்சார் இணைப்புகள் அரிக்கும். ரைடு தயாரித்தவர் அனுமதித்த திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

டிக்கெட் எத்தனை விற்பது

பூங்காவின் பரப்பளவை வைத்து 25 சதவீதம், 50 சதவீதம் என்று விற்றது கொரோனா கால அரசு விதிக்குப் போதுமாக இருந்தது, வருபவர்களுக்குப் போதாது. அன்று உண்மையில் ஓடும் ரைடுகளின் மணிக் கொள்ளளவைக் கூட்டுங்கள். 15 ரைடு, ஒவ்வொன்றிலும் 600 பேர் என்றால் 9,000. ஒருவருக்கு மணிக்கு ஒன்றரை ரைடாவது கிடைக்க வேண்டுமானால் உள்ளே 6,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டு ரைடுகள் மூடினால் அந்த எண் 5,200. இந்தக் கணக்கை முந்தைய நாள் மாலை, மறுநாள் ஷிஃப்டில் யார் வருகிறார்கள் என்று உறுதியானதும் போட்டு, அதன்படி முன்பதிவை நிறுத்த வேண்டும். மூடியிருக்கும் ரைடுகளின் பட்டியலை டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே, பணம் கட்டுவதற்கு முன் காட்ட வேண்டும்.