கிராஃபிட்டி கற்க எங்கிருந்து தொடங்குவது? புத்தகங்களும் படங்களும் ஒரு வரிசையில்

இணையத்தில் 'கிராஃபிட்டி' என்று தேடினால் படங்கள் வந்து கொட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரம் பார்த்த பிறகும் எது நல்ல வேலை, எது சுமார், அந்த எழுத்து ஏன் அப்படி வளைகிறது என்பது பிடிபடாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பிரம்மாண்டமான சுவரோவியத் தொகுப்புகளில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை நேர் எதிரானது. முதலில் எழுத்து, அப்புறம் ஓவியம். தன் பெயரைச் சுவரிலும் ரயிலிலும் எழுதியவர்களிடமிருந்து வளர்ந்த கலை இது.

படி 1: ஒரே ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள்

அது 'சப்வே ஆர்ட்'. மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபன்டும் நியூயார்க் சுரங்க ரயில்களை எடுத்த படங்கள், 1984-இல் புத்தகமாக வந்தது. ரயில் நிலையத்தில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் சால்ஃபன்ட் நடைமேடையில் நகர்ந்தபடியே பகுதி பகுதியாகப் படமெடுப்பார். பிறகு அவற்றை ஒட்டி, முழுப் பெட்டியையும் ஒரே நீளப் படமாக்குவார். கூப்பரின் படங்களில் ஆட்களும் ஊரும் சேர்ந்து வருவார்கள். அந்த ரயில் ஓவியங்களைக் கழுவிவிட்டார்கள், அல்லது மேலே வேறொருவர் எழுதிவிட்டார். நமக்கு மிச்சம் இந்தப் படங்கள்தான். 2009-இல் வந்த பெரிய அளவுப் பதிப்பு நூலகத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள், கோட்டின் ஓரம் வரை தெரியும்.

முதல் தடவை சும்மா புரட்டுங்கள். அடுத்து, டான்டி என்ற ரயில் ஓவியர் 1980-இல் வரைந்த 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' பக்கங்களுக்குப் போங்கள். இரவில் ரயில்கள் நிறுத்தியிருக்கும் யார்டில் அவர் வேலை செய்ததைக் கூப்பர் கூடவே இருந்து எடுத்திருக்கிறார். முடிந்த ஓவியத்தை எங்கும் பார்க்கலாம். அது உருவாகும் விதத்தைப் பார்ப்பது அபூர்வம்.

படி 2: எழுத்தைப் பிரித்துப் பாருங்கள்

நாலு வகை தெரிந்தால் போதும். 'டேக்' என்பது ஒரே வீச்சில் போடும் கையெழுத்து. 'த்ரோ-அப்' வேகமாக வரையும் உப்பிய எழுத்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிறம்தான். 'பீஸ்' நேரம் எடுத்து, பல நிறத்தில் வரைவது. 'வைல்ட்ஸ்டைல்' எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி, அம்புக்குறிகள் முளைத்து, பழகாத கண்ணுக்குப் படிக்கவே வராதது.

இப்போது ஒரு மெல்லிய டிரேசிங் தாளை எடுத்து, எளிய பீஸ் ஒன்றின் மேல் வையுங்கள். ஒரே ஒரு எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் எடுங்கள். நிறம் வேண்டாம், பின்னணி வேண்டாம். தாளைத் தூக்கிப் பார்த்தால் எழுத்தின் எலும்பு தெரியும்: எந்தக் கால் தடித்திருக்கிறது, எந்த வளைவு பக்கத்து எழுத்துக்குள் நுழைகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று. நல்ல பீஸில் எல்லா எழுத்தின் நிழலும் ஒரே திசையில் விழும். கை தேராதவர் வேலையில் அது நடுவில் குழம்பும். இந்தப் பயிற்சியை அவசரப்படாமல் செய்யுங்கள். மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் கண்ணைத் திறக்கும்.

படி 3: படம் பாருங்கள்

டோனி சில்வர் இயக்கி, சால்ஃபன்ட் சேர்ந்து தயாரித்த 'ஸ்டைல் வார்ஸ்' ஆவணப்படம் 1983-இல் வந்தது. ஸ்கீம் என்ற பையனும் அவன் அம்மாவும் சமையலறையில் வாக்குவாதம் செய்யும் காட்சியைத் தவறவிடாதீர்கள். ரயிலில் எழுதுவதால் என்ன பயன் என்று அம்மா கேட்கிறார், மகன் தன் பெயர் ஊர் முழுக்க ஓடுவதைப் பற்றிப் பேசுகிறான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. மற்றவர்களின் பீஸ் மேல் தன் த்ரோ-அப்பைப் போட்டுக்கொண்டே போகும் கேப் என்பவரும் இதில் வருகிறார்.

படி 4: பின்னணியைப் படியுங்கள்

கிரெய்க் காஸில்மனின் 'கெட்டிங் அப்' 1982-இல் வந்த ஆய்வு நூல். எழுதுகிறவர்கள், காவல்துறை, ரயில் நிர்வாகம் என்று எல்லாத் தரப்பையும் விவரிக்கிறது. கூடவே நியூயார்க் டைம்ஸ் காப்பகத்தில் 1971 ஜூலையில் வந்த டாக்கி 183 பற்றிய செய்தியைத் தேடிப் படியுங்கள். ஊர் முழுக்கத் தன் பெயரை எழுதிய ஓர் இளைஞனைப் பற்றிய சின்னச் செய்தி, பலரை எழுத வைத்தது. அந்த ரயில் காலம் 1989 மே மாதம் முடிந்தது: ஓவியம் தீட்டிய கடைசி ரயிலையும் நிர்வாகம் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

படி 5: இப்போது தெரு ஓவியத்துக்கு வாருங்கள்

ரயிலிலிருந்து சுவருக்கும், நியூயார்க்கிலிருந்து வேறு நகரங்களுக்கும் இந்தக் கலை போனதைக் காட்டும் பாலம், சால்ஃபன்டும் ஜேம்ஸ் பிரிகாஃபும் 1987-இல் கொண்டுவந்த 'ஸ்ப்ரேகேன் ஆர்ட்'. அப்புறம் ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்து மேலே ஸ்ப்ரே அடிக்கும் முறை. பாரிஸில் பிளெக் லெ ராட் 1981 முதல் எலி உருவங்களை ஸ்டென்சிலில் அடித்தார். பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் 'வால் அண்ட் பீஸ்' புத்தகம் (2005) எளிதில் கிடைக்கும். அதில் கருத்தை மட்டும் ரசித்துவிட்டு நகராமல், வெட்டிய அட்டையைக் கற்பனை செய்யுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் துண்டு கீழே விழாமல் இருக்க, அதைச் சுற்றியுள்ள அட்டையோடு பிடித்துவைக்கும் மெல்லிய பட்டைகளை விட்டே வெட்ட வேண்டும். பல ஸ்டென்சில் படங்களில் அந்த இடைவெளிகள் தெரியும்.

படி 6: இணையக் காப்பகம்

'ஆர்ட் கிரைம்ஸ்' 1994 முதல் இருக்கும் தளம். நகரவாரியாகப் பார்க்கலாம். எங்கிருந்து படம் சேமித்தாலும் வரைந்தவர், இடம், ஆண்டு, புகைப்படம் எடுத்தவர் ஆகிய நாலையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். இவை இல்லாத படத்தை வைத்து யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று சொல்லவே முடியாது.

படி 7: கறுப்பு நோட்டும் சட்டமும்

ரைட்டர்கள், அதாவது கிராஃபிட்டி எழுதுகிறவர்கள், வரைந்து பழகும் நோட்டுக்கு 'பிளாக் புக்' என்று பெயர். உங்கள் பெயரையே நாலைந்து எழுத்தில் சுருக்கி அதில் வரையத் தொடங்குங்கள். சுவருக்குப் போகும்போது உரிமையாளரின் அனுமதியும், ஸ்ப்ரே புகைக்கு ஏற்ற முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

அனுமதி இருந்தாலும் ஓவியம் நிலைக்கும் என்பதில்லை. நியூயார்க்கின் 5பாயின்ட்ஸ் கட்டடத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடுதான் வரைந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே இரவில் வெள்ளையடித்துவிட்டார்கள். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் நீதிமன்றம் 67 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது, 2020-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. தற்காலிகமான ஓவியத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு விரிவாக அலசுகிறது. தீர்ப்பின் முழு வாசகமும் இணையத்தில் கிடைக்கிறது. சுவரில் கை வைக்கும் முன் படித்துவிடுங்கள்.