கருமாதி முடிந்த பிறகும் தேறாவிட்டால்: துக்கமா, மனச்சோர்வு நோயா?

சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பழையபடி அமைதியான பிறகுதான் வீட்டாருக்குக் கவலை வரும்: "இன்னும் அழுதுகிட்டே இருக்காங்களே, இது சரியா?" அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழுகை மட்டும் நோய்க்கு அடையாளம் அல்ல; துக்கத்திலும் நிறைய அழுவார்கள். அழவும் முடியாமல், எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

துக்கம் விட்டுவிட்டு வரும். இறந்தவரின் சட்டையைப் பார்த்தால், அவர் வழக்கமாக வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டால் நெஞ்சை அடைக்கும், பிறகு தணியும். நடுவே பேரப்பிள்ளையின் குறும்புக்குச் சிரிப்பும் வரும். இறந்தவரைப் பற்றிப் பேசி அழுதால் மனப்பாரம் கொஞ்சம் குறையும். மனச்சோர்வு நோயில் இந்த இடைவெளி பெரும்பாலும் கிடையாது. பிள்ளை மடியில் ஏறினாலும் முகம் மாறாது, பிடித்த கருவாட்டுக் குழம்பும் ருசிக்காது. பலருக்கு விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும். காலைப் பொழுதுதான் மிக மோசமாக இருக்கும்.

தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள். "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்பது துக்கத்திலும் வரும். "நான் எதுக்கும் ஒதவாதவ, பிள்ளைகளுக்குப் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அது நோயின் பேச்சு. இறந்தவரின் குரல் ஒரு கணம் கேட்டது போலிருப்பது துக்கத்தில் சகஜம்; பேய் பிடித்ததாகப் பயப்பட வேண்டாம். திட்டுகிற, சாகச் சொல்கிற குரல் கேட்டால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரு கொப்பியில் 14 நாட்களுக்கு இரவுதோறும் குறித்து வையுங்கள்: மனம் சோர்ந்திருத்தல், எதிலும் நாட்டமின்மை, பசி அல்லது எடை மாற்றம், நித்திரைக் குழப்பம், அசைவு மந்தமாதல் அல்லது இருக்க முடியாத பரபரப்பு, களைப்பு, தன்னைப் பழித்தல், கவனம் சிதறல், சாவு பற்றிய எண்ணம். இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து, முதல் இரண்டில் ஒன்றையும் சேர்த்து, இரண்டு வாரம் அநேகமாகத் தினமும் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இழப்பு நடந்த புதிதில் இவற்றில் சில எல்லோருக்கும் வரும் என்பதால், மேலே சொன்ன இரண்டு அடையாளங்களோடு (இடைவெளியில்லாத சோர்வு, தன்னையே பழிக்கும் பேச்சு) சேர்த்தே பாருங்கள். அமெரிக்க மனநோய்க் கையேடு முன்பு இறப்புக்குப் பின் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னது; துக்கத்துக்குள்ளேயே நோய் தொடங்கலாம் என்பதால் 2013இல் அந்த விதி நீக்கப்பட்டது.

வேலைக்குப் போகிறார் என்பது சுகத்துக்கு அத்தாட்சி அல்ல. பேர் போட்டால்தான் (வேலைக்கு வந்ததாகப் பதிந்தால்தான்) சம்பளம் என்பதால் நோயோடும் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். திரும்பி வந்து குளிக்கிறாரா, சமைக்கிறாரா, பறிக்கும் கொழுந்து குறைந்துவிட்டதா, ஆண்களானால் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடிப்பது கூடிவிட்டதா என்று பாருங்கள். மனவருத்தத்தைச் சொல்லாமல் தலைவலி, உடம்புவலி என்று பெனடோல் வலி மாத்திரையோடு நாட்களை ஓட்டுபவர்களும் உண்டு. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே களைப்பைத் தரும், எனவே இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் இறந்தவருக்கான ஏக்கம் தணியாமல் வாழ்க்கையே நின்றுபோனால், அதை நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாக வகைப்படுத்துகிறது. அதற்கு மாத்திரையைவிட, துக்கத்துக்கென்றே அமைந்த பேச்சு சிகிச்சைதான் முக்கியம். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தின் மண்சரிவில் நடந்ததுபோல் உடல்கூடக் கிடைக்காத இழப்புகளில் இந்த ஆபத்து அதிகம்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். களை மருந்து, பூச்சி மருந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றுங்கள். 1926 இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

நுவரெலியா, பதுளை போன்ற அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இலவசம். "நித்திரை வருதில்ல" என்று மட்டும் சொன்னால் நித்திரைக் குளிசையோடு திரும்பி வர நேரலாம், கொப்பியைக் காட்டுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சிங்களம் பேசக்கூடிய, நோயாளி நம்புகிற ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். சிறு பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் தாய் சாவைப் பற்றிப் பேசமாட்டாள். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல் வந்ததும் நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.