வேலூர் வெயிலில் பாய்மரப் படகு கட்டுவது எப்படி

இரண்டு பேர் படுத்துறங்க இடமுள்ள 15 அடிப் பாய்மரப் படகை வேலூரில் வீட்டுப் பின்கட்டிலேயே கட்டலாம். சத்துவாச்சாரியில் நான் கட்டியிருக்கிறேன். ப்ளைவுட், தாமிரக் கம்பி, தோல், தையல் மிஷின் என்று தேவையானதில் பெரும்பகுதி வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூருக்குள் கிடைத்துவிடும். எபாக்ஸி என்ற ஒட்டுப் பிசினும் ஃபைபர் துணியும் சென்னையிலிருந்து பார்சலில் வரும். கடல் தள்ளி இருப்பது ஒரு நாள் லாரி வாடகையோடு முடிகிற விஷயம். இங்கே முழு வேலைக்கும் எஜமான் வெயில். பிளானோடு வரும் கையேடுகள் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. அந்த வரிசையை அப்படியே பிடித்து கத்திரியில் பிசின் கலக்கினால் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும். அதனால் வேலைகளை நம் மாதங்களுக்குத் தக்கபடி அடுக்கித் தருகிறேன்.

மார்கழிக்குள்: பிளானும் அட்டைப் படகும்

முதல் படகுக்கு தைத்து ஒட்டும் முறையே நல்லது. தட்டையான ப்ளைவுட்டை அளவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, கம்பியால் தைத்து இறுக்கினால் பலகை தானே வளைந்து படகின் உருவத்துக்கு வரும். பிறகு மூட்டுகளை எபாக்ஸியாலும் ஃபைபர் துணியாலும் ஒட்டிவிட்டுக் கம்பியை உருவிவிடலாம். நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி பேட்டர்ன் செக்ஷனில் வேலை பார்த்தவன். தட்டைத் தோல் தையலில் வளைந்து ஷூவின் மேல்பாகமான அப்பர் ஆவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முறை சட்டென்று பிடிபடும். 1962இல் இங்கிலாந்தில் பாரி பக்னெல்லும் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கிய மிரர் என்ற சுமார் 11 அடிப் படகுதான் இதைப் பரவலாக்கியது. தச்சு வேலையே தெரியாத ஆயிரக்கணக்கானோர் அதை வீட்டில் கட்டினார்கள்.

நான் எடுத்த பிளான் பாக்கெட்ஷிப். அமெரிக்காவின் ஜான் சி. ஹாரிஸ் வரைந்தது, 14 அடி 10 அங்குல நீளம், 6 அடி 3 அங்குல அகலம், சின்ன அறை உண்டு. இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் நியூசிலாந்தின் ஜான் வெல்ஸ்ஃபோர்ட் வரைந்த ஸ்கேம்ப் இருக்கிறது: 11 அடி 11 அங்குலம், படகு கவிழாமல் நிற்க, அடியில் ஈயத்துக்குப் பதில் தண்ணீரை நிரப்பி எடை கூட்டும் ஏற்பாடு. அது கம்பித் தையல் இல்லை. குறுக்குப் பலகைகளை நிறுத்தி, மேல் பலகைகளை ஒன்றின் ஓரத்தில் ஒன்றாக ஏற்றி ஒட்டுவது.

கிட்டாக வாங்கினால் வெட்டிய பலகைகள் பெட்டியில் வந்துவிடும். ஆனால் கப்பல் கூலி, சுங்க வரி, துறைமுகத்திலிருந்து எடுக்கும் செலவு எல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். என் தீர்ப்பு பிளானுக்குத்தான். புள்ளிகளைப் பலகையில் குறித்து, மெல்லிய மூங்கில் பட்டையை ஆணிகளுக்கு இடையில் வளைத்து வைத்துக் கோடு போட்டால் சுத்தமான வளைவு வரும். கதவுக்குப் பூவேலை வெட்டும் சி.என்.சி. பட்டறையில் கொடுத்தும் வெட்டலாம். வடிவமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பிளானுக்கு ஒரு படகு என்பதே வழக்கமான ஒப்பந்தம். பட்டறைத் தம்பி என்னிடம், "சார், இதுல ஒரு நேர்கோடுகூட இல்லையே!" என்றார். இருக்கக் கூடாது என்றேன்.

பிளானுக்குப் பணம் கட்டுமுன், முடிந்த படகு வெளியே போகுமா என்று வீட்டு கேட்டை அளந்துவிடுங்கள். தெரு முனையில் வண்டி திரும்புமா, மேலே கரண்ட் கம்பி எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள்.

அடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு அட்டைப் படகு. 45 சென்டிமீட்டர் நீளம் வரும். ஷூ பெட்டி அட்டையில் வெட்டி ஊசி நூலால் தைக்கலாம். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பலகை எதோடு சேரும், எந்தத் தையலை முதலில் இறுக்க வேண்டும், படகின் முன்முனையான அணியத்தில் எங்கே பலகை முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டை மூடவில்லையென்றால் ஏதோ ஓர் அளவு தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. மரத்தை வெட்டுமுன் அதைக் கண்டுபிடிப்பது நல்லது.

பலகை வாங்குவது

கடையில் ஐ.எஸ். 710 முத்திரை கேளுங்கள். மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம் அது. ஐ.எஸ். 303 என்பது சாதாரண ரகம், வேண்டாம். முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். ஓரத்தில் அடுக்குகளை எண்ணுங்கள், 6 மி.மீ. பலகைக்கு ஐந்து அடுக்கு இருந்தால் மேல். அடுக்குக்கு நடுவில் பொத்தல் தெரிந்தால் அந்தப் பலகையைத் தள்ளிவிடுங்கள். ஒரு துண்டை வெட்டி வாங்கி வந்து பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வையுங்கள், காய வையுங்கள், மறுபடி கொதிக்க வையுங்கள். பிரிந்தால் கடையை மாற்றுங்கள்.

எடையையும் கவனியுங்கள். வெளிநாட்டுப் பிளான்கள் ஒக்குமே என்ற இலேசான மரத்தைக் கணக்கில் வைத்து வரையப்பட்டவை, 6 மி.மீ.இல் எட்டுக்கு நாலு பலகை 8, 9 கிலோதான் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் கர்ஜன் முகப்புப் பலகை 12 கிலோவைத் தாண்டும். பத்துப் பலகை என்றால் கூடுதலாக 30, 40 கிலோ. அதைப் பிளானில் உள்ள எடையோடு கூட்டி, ஏற்றும் சாமானில் குறைத்துக்கொள்ளுங்கள்.

எட்டடிப் பலகைகளை நீளமாக்க, முனைகளைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். சரிவு ஒன்றுக்கு எட்டு: 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. பலகைகளைப் படிக்கட்டாக அடுக்கி இழைப்புளியால் ஒன்றாகச் சீவினால், அடுக்குகளின் பசைக்கோடுகள் நேராக ஓடுகின்றனவா என்பதை வைத்தே சரிவு சரியா என்று பார்க்கலாம்.

தை முதல் பங்குனி வரை: தையலும் பிசினும்

பிசின் வேலை முழுவதையும் இந்த மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

தைக்க மெல்லிய தாமிரக் கம்பி வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஓரத்தில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் துளையிட்டு, முதலில் எல்லாத் தையலையும் தளர்வாகப் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் பிசினைத் தொடாதீர்கள். குறுக்கு மூலைகளை அளந்து இரண்டும் சமமா பாருங்கள். கொத்தனாரின் மட்ட டியூபில் தண்ணீர் ஊற்றி இடமும் வலமும் ஒரே உயரமா பாருங்கள். இப்போது முறுக்கு இருந்தால் ஒரு ஆப்பு வைத்துத் திருத்தலாம். பிசின் இறுகியபின் அந்த முறுக்கு படகோடு சேர்ந்த பிறவிக்குணம்.

எபாக்ஸியின் நடத்தை: வெப்பம் 10 டிகிரி ஏறினால், கலந்தபின் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். டப்பாவில் எழுதியிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கான நேரம். 35இல் அதில் பாதி. பிசினோடு கலந்து அதை இறுகவைப்பது ஹார்டனர்; அதில் மெதுவாக இறுகும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான டப்பாவில் நின்றால் தன் சூட்டிலேயே தான் கொதிக்கும். விகிதம் ஒவ்வொரு பிசினுக்கும் வேறு, எடைக் கணக்கா அளவுக் கணக்கா என்பதும் வேறு. டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது எபாக்ஸியில் செல்லாது. இறுகாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

வெறும் மரத்துக்குப் போடும் முதல் பூச்சை மாலையில், சூடு இறங்கத் தொடங்கியபின் போடுங்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் போட்டால் வெயில் ஏற ஏற அதே காற்று விரிந்து, பூச்சு முழுவதும் குமிழ் விடும். ஏற்கெனவே பூசி மூடிய மரத்தில் மூட்டு நிரப்புவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம்.

மூட்டு நிரப்ப, பிசினோடு மரத்தூளும் சிலிக்கா பொடியும் கலக்க வேண்டும். மரமில்லில் பாலிஷ் மிஷின் அடியில் விழும் மாவுத்தூள் எடுங்கள், ரம்பத்தூள் ஆகாது; வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலியுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் நழுவாத பதம். தையல்களுக்கு நடுவே மட்டும் முதலில் புள்ளி புள்ளியாக வைத்து, இறுகியதும் கம்பியைச் சால்டரிங் இரும்பால் சூடாக்கி இழுத்தால் வந்துவிடும். அப்புறம் முழு நீளத்துக்கும் நிரப்பி, அது முழுதாக இறுகுமுன் மேலே ஃபைபர் துணியை ஒட்டிவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டி செய்யும் ஃபைபர் கடையில் பாலியெஸ்டர் பிசினும் நார்ப்பாயும் மலிவாகத் தருவார்கள். இரண்டும் வேண்டாம். பாலியெஸ்டர் மரத்தை உறுதியாகப் பிடிக்காது. அந்த நார்ப்பாயைக் கட்டிவைத்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது. நெய்த துணியே வேண்டும்.

இறுகிய பரப்பில் சில நேரம் மெழுகுபோல் ஒரு பிசுக்கு படியும், ஈரக்காற்று இருந்தால் அதிகம். தண்ணீரும் பச்சை நாரும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். கையுறை எப்போதும் வேண்டும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள், அது பிசினைத் தோலுக்குள் இறக்கும். எபாக்ஸி அலர்ஜி ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் விடாது. உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.

சித்திரை, வைகாசி: நிழல் வேலைகள்

கத்திரியில் பிசின் டப்பாவை மூடிவிட்டு தோல், பாய், மரம் பக்கம் வாருங்கள். நம் மாவட்டக்காரருக்கு இது சந்தோஷமான காலம். துடுப்பு உரசும் இடத்திலும், பாயின் மேல் ஓரத்தைத் தாங்கி, பாய்மரத்தை அணைத்து ஏறி இறங்கும் கழியான மேல் பருமலின் கவட்டையிலும் தோல் சுற்ற வேண்டும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோலைக் கேளுங்கள், ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் துண்டாகவே கிடைக்கும். நனைத்து இழுத்துச் சுற்றி மெழுகு நூலால் தைத்தால், காயும்போது இறுகிக்கொள்ளும்.

பாயை நீங்களே தைக்கலாம். வீட்டு மிஷின் திணறும். ஷூ கம்பெனிகள் கழித்துவிடும் ஜிக்ஜாக் மிஷினைத் தேடுங்கள். பாலியெஸ்டர் நூல் வேண்டும், பருத்தி நூல் வெயிலில் உதிரும். பாய் தட்டையாக இருக்கக் கூடாது என்பதால் துண்டுகளின் ஓரத்தை இலேசாக வளைத்து வெட்டிச் சேர்க்க வேண்டும், அட்டைப் படகில் கற்ற அதே கணக்கு. மேல் பருமலுக்கு மண்டியில் முற்றிய, நேரான மூங்கில் கழியாகப் பார்த்து எடுங்கள். சுக்கானுக்கும் ஓரக் கட்டைகளுக்கும் தேக்கு போட்டால், ஒட்டுமுன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். தேக்கின் எண்ணெய் பிசினைப் பிடிக்கவிடாது.

ஸ்டீல் சாமான்களில் 316 ரகம் என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். கேட், கைப்பிடி செய்யும் பட்டறைகளில் புழங்கும் 202 உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், 202இலும் பெரும்பாலும் ஒட்டாது.

அடிக்கட்டையில் வைக்கும் ஈயத்தைப் பழைய பேட்டரி உடைத்து எடுக்கவே கூடாது. கட்டியாக வாங்கி, வார்ப்புத் தொழில் தெரிந்தவரிடம் வார்த்துக்கொள்ளுங்கள். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும்.

ஆடிக்குப் பிறகு

எபாக்ஸியை வெயில் தின்றுவிடும், பெயிண்ட் இல்லாமல் விடக் கூடாது. நிறம் வெள்ளை, அல்லது அதற்கு அடுத்தது. அடர்நிறம் பூசிய படகு நம் வெயிலில் தொட முடியாத சூடேறி உள்ளே பிசினே இளகும். ஐப்பசி மழைக்குள் முடித்துவிடுங்கள்.

பாலாற்றை நம்பி மிதவைச் சோதனை வைக்க முடியாது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகைக்கான பெட்டியின் அடியை அடைத்து மேலிருந்து தண்ணீர் நிரப்பி ஓரிரவு விடுங்கள். ஒழுகும் படகுகள் பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். 15 அடிப் படகுக்கு குட்டி யானை பற்றாது. டிரெய்லர் இல்லாவிட்டால் பெரிய வண்டி பேசுங்கள்.

முதலில் இறக்க நான் சொல்லும் இடம் பழவேற்காடு ஏரி. ஆழம் குறைவு, நடுப்பலகையைத் தூக்கினால் படகு தவழ்ந்து போகும். கடும் மழைக்காலம் கழிந்த தை, மாசி நல்லது. மீனவர்களிடம் முதலில் பேசுங்கள். அங்கே யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று தலைமுறை முறை உண்டு, "அண்ணே, எந்தப் பக்கம் வலை இல்லை?" என்று கேட்டால் கழி நட்ட இடம்வரை சொல்லிவிடுவார்கள். ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடமும் கேளுங்கள். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஒதுங்கக் கூடாது. முகத்துவாரத்துக்குப் போகவே வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுக்கும், அதனால் முதல் நாள் பாயைச் சுருக்கிக் கட்டியே கிளம்புங்கள், உயிர்காப்பு உடையைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, எல்லா மூடிகளையும் திறந்துவைத்துக் காயவிடுங்கள். மூடிய அறைக்குள் தேங்கும் ஈரம் ப்ளைவுட்டை உள்ளிருந்தே அழுக வைக்கும்.