1887 பேட்டிங் முதலிடம் யாருக்கு? பழைய பேஸ்பால் சராசரியை நாமே கணக்கிடலாம்

பழைய பட்டியல் ஒன்றில் 1887 நேஷனல் லீக் (அமெரிக்க பேஸ்பால் லீக்) பேட்டிங் முதலிடம் கேப் ஆன்சன் என்ற ஆட்டக்காரருக்கு, சராசரி .421 என்று இருந்தது. நான் போட்ட கணக்கில் வந்தவர் சாம் தாம்ப்சன், .372. இரண்டு நாள் சூத்திரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தவறு அதில் இல்லை.

1. ஷான் லாமன் தொகுத்த தரவுத்தளத்தை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், 1871 முதல் எல்லாம் இருக்கிறது. பேட்டிங் விவரங்கள் உள்ள கோப்பினை லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறங்கள். இதற்குப் பைத்தான் நிரல் வேண்டாம் என்பேன். எண்களைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் காலத்து ஆட்டம் பிடிபடும்.

2. ஆண்டையும் லீகையும் வடிகட்டுங்கள். நடுவில் அணி மாறியவருக்கு இரண்டு வரி இருக்கும். பிவட் டேபிளில் (வரிகளைத் தொகுத்துக் கூட்டும் வசதி) கூட்டிவிடுங்கள்.

3. ஹிட்டை (பந்தை அடித்து, ஓடி எட்ட வேண்டிய நிலையான பேஸை எட்டிய முறைகள்) அட்-பேட்டால் (கணக்கில் சேரும் மட்டை பிடித்த முறைகள்) வகுங்கள். கிரிக்கெட் போல ரன்னையோ அவுட்டையோ இங்கே தேடாதீர்கள். தாம்ப்சன் 203/545, அதாவது .372. ஆன்சன் 164/472, அதாவது .347.

4. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. பந்துவீச்சாளர் மோசமான பந்துகளாகப் போட்டால் மட்டையாளர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். இன்று நான்கு பந்து, 1887-இல் ஐந்து. அந்த ஓர் ஆண்டு மட்டும் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள்! ஆகவே வாக் எண்ணிக்கையை ஹிட்டிலும் கூட்டுங்கள், அட்-பேட்டிலும் கூட்டுங்கள். முதல் தடவை நான் மேலே மட்டும் கூட்டியதால் ஆன்சனுக்கு .475 வந்தது. சரியான கணக்கு: ஆன்சனுக்கு 60 வாக், 224/532, .421. தாம்ப்சனுக்கு 32 வாக், 235/577, .407. முதலிடம் கைமாறிவிட்டது.

1968-இல் பதிவுகளை ஆராய்ந்த சிறப்புக் குழு, 1887-இன் வாக் எண்ணிக்கையை ஹிட் கணக்கிலிருந்து நீக்கியது. என் தாளில் இரண்டு சராசரிக்கும் தனித்தனிப் பத்தி வைத்திருக்கிறேன். ஆன்சன் தன் காலத்து விதிப்படி ஆடி வென்றவர். அவர் பெயரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்சேர்க்கை: 1876-க்கும் இதே கணக்கைப் போட்டவர்கள் எண் பொருந்தவில்லை என்றார்கள். அந்த ஆண்டு விதி நேர்மாறு: வாக் அட்-பேட்டில் மட்டும் சேர்ந்தது. ராஸ் பார்ன்ஸ் இன்றைய கணக்கில் 138/322, .429. அவருடைய 20 வாக்கையும் கீழே சேர்த்தால் .404. எப்படிப் பார்த்தாலும் முதலிடம் அவருக்கே.

இன்னொன்று: 1871-க்கு "குறைந்தது 300 அட்-பேட்" என்று வடிகட்டியவருக்கு ஒரு பெயரும் வரவில்லை. அப்போது ஓர் அணி ஆடியதே முப்பது ஆட்டம் போலத்தான். அணியின் ஆட்ட எண்ணிக்கையை 3.1-ஆல் பெருக்கி, அட்-பேட்டும் வாக்கும் சேர்ந்து அதை எட்டுகிறதா என்று பாருங்கள். பிலடெல்பியா அத்லெடிக்ஸ் ஆடியது 28 ஆட்டம், எல்லை 87. அந்த அணியின் லீவை மேயர்லி 130 அட்-பேட்டில் 64 ஹிட், .492 என்று உச்சியில் வந்து நிற்பார்.