ஆசிட் ஏற்றும் வண்டிக்கு போர்டு எழுதுவது எப்படி? (1830-ஆ, 2796-ஆ?)

ஈரோட்டில் மச்சான் ஓட்டும் மினி லாரியில் பேட்டரி ஆசிட் கேன் ஏற்றப் போய், வழியில் நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். போர்டு என்றால் வண்டியில் என்ன அபாயகரமான சரக்கு இருக்கிறது என்று வெளியே காட்டும் அவசரத் தகவல் பலகை. பர்மிட், எஃப்சி எல்லாம் கையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் டிரைவர். மூன்று நாள் பயிற்சி முடித்து, அபாயகரமான சரக்கு ஓட்டலாம் என்று லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். முன்பு இது ஓராண்டுதான் செல்லும், 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு.

அடுத்து ஐ.நா. எண், அதாவது ஒவ்வொரு அபாயகரமான சரக்குக்கும் உலகம் முழுக்க உள்ள நான்கு இலக்க அடையாள எண். நான் சறுக்கியது இங்கேதான். சல்ஃப்யூரிக் ஆசிட் என்று நெட்டில் தேடினேன், 1830 என்று வந்தது, அப்படியே எழுதிவிட்டோம். அது 51 சதவீதத்துக்கு மேல் செறிவு உள்ள ஆசிட்டுக்கு. பேட்டரி ஆசிட் அதற்குக் கீழே, அதன் எண் 2796. பில்லில் ஒன்று, போர்டில் ஒன்று இருந்தால் யார் விடுவார்கள்? நெட்டை நம்பாதீர்கள், சரக்கு அனுப்புகிறவரிடம் எஸ்டிஎஸ் (அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) கேட்டு வாங்கி 14-ஆம் பகுதியைப் பாருங்கள். எண், பெயர், வகுப்பு மூன்றும் அங்கேயே இருக்கும் (நமக்கு வகுப்பு 8, அரிக்கும் பொருள்).

அப்புறம் போர்டு. மத்திய மோட்டார் வாகன விதி 134-இன்படி இரண்டு பக்கமும் பின்னாலும், ஆக மூன்று இடம். எண் குறைந்தது 100 மி.மீ. உயரம், சரக்கின் பெயரும் போன் எண்களும் 50 மி.மீ., வகுப்புச் சின்னம் 250 மி.மீ. சதுரம். காந்த ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், எங்களுடையது பெருந்துறை தாண்டுவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. பெயின்டர் கையால் எழுதியதுதான் நிற்கிறது.

கேபினில் ட்ரெம் கார்டு (விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை), முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள். கார்டைத் தமிழிலும் ஒரு பிரதி வைப்பது என் பழக்கம்.

பின்சேர்க்கை: போர்டில் நம் செல் எண் போட்டால் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போதாது. அவசர உதவி எண்ணும், சரக்கு அனுப்புகிறவர் அல்லது அந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்த ஒருவரின் எண்ணும் வேண்டும். எழுதுவதற்கு முன் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருதடவை அடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்தது ஆபீஸ் லேண்ட்லைன், ஆறு மணிக்கு மேல் எடுக்க ஆளில்லை. சண்டை போட்டு சூப்பர்வைசரின் செல் எண்ணை வாங்கி மாற்றி எழுதினோம்.